செக்கர் பார்க்காததை எழுதி வைப்பது

"பிள்ளை, வெயில் ஏறினாப் பிறகு இது சரியாத்தான் சொல்லுது. விடியக்காலமை கேட்டாத்தான் பிழையாச் சொல்லுது."

திருகோணமலைத் திருகடலூர்க் கரையில், மீன் கூறி விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு சம்மாட்டி ஐயா இதைச் சொன்னார். சித்திரை மாதம், காலை 5.20 இருக்கும். கடல் பக்கம் வானம் வெளுத்தும் வெளுக்காமலும் கிடந்தது. அவருடைய போனில் மீனைப் படம் எடுத்தால் என்ன மீன் என்று சொல்லும் ஒரு சின்னச் செயலி இருந்தது. ஒரு கிழமையாகப் பாவித்துப் பார்க்கிறார். என் முன்னாலேயே பெட்டியில் கிடந்த பாரையைப் படம் எடுத்தார், சூரை என்றது. இன்னொரு பாரை, அதற்கும் சூரை. பாரையையும் சூரையையும் மாற்றிச் சொன்னால் இந்தக் கரையில் சின்னப் பிள்ளைகூடத் திருத்திவிடும். எட்டு மணிக்கு அதே பெட்டியை வெயிலில் வைத்து எடுத்தோம். பாரை, பாரை, பாரை. எல்லாம் சரி.

உப்புவெளிக்குத் திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. அந்தச் செயலிக்குள் இருந்து, படத்தைப் பார்த்து மீனை இனங்காணும் ஏஐ மொடலைச் சோதித்து "குறையில்லை" என்று சொன்ன கருவிக்கு ஆவணம் எழுதியவள் நான்தான்.

என் வேலை அதுதான், மென்பொருள் கருவிகளுக்கு ஆவணம் எழுதுவது. எங்கள் குழுவில் ஐந்து பேர். ஒருவர் கிண்ணியாவில், இரண்டு பேர் யாழ்ப்பாணத்தில், ஒருவர் மட்டக்களப்பில். நான் உப்புவெளி வீட்டின் மேல்மாடியில் இருந்து வேலை செய்கிறேன். ஒரு வருடமாக நாங்கள் பராமரித்து வரும் கருவி, எக்ஸ்போர்ட் செய்த ஓனிக்ஸ் கோப்புகளைச் சோதிப்பது.

ஓனிக்ஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு மொடலைப் பெரும்பாலும் பைடோர்ச் போன்ற ஒரு மென்பொருள் நூலகத்தில்தான் பயிற்றுவிப்பார்கள். அதை அப்படியே போனிலோ வேறு சேர்வரிலோ ஓட்டுவது கரைச்சல். அதனால் மொடல் செய்யும் கணக்குகளை மட்டும் ஒரு கிராஃபாக எழுதி ஒரு கோப்பில் போட்டுக் கொடுப்பார்கள். இதற்கென்று மைக்ரோசொஃப்டும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து 2017இல் கொண்டுவந்த பொது வடிவம்தான் ஓனிக்ஸ். 2019இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் ஏஐ பிரிவுக்குப் போனது. கோப்புக்குள்ளே பெருக்கல், கூட்டல், கொன்வொலூஷன் என்று ஒவ்வொரு செயலும் ஒரு கணு. ஒரு கணுவின் வெளியீடு இன்னொரு கணுவின் உள்ளீடு. நெட்ரோன் என்ற இலவசப் பார்வைக் கருவியில் அந்தக் கோப்பைத் திறந்தால் மேலிருந்து கீழே ஒரு நீண்ட சங்கிலி மாதிரித் தெரியும். முதன்முதலில் ஒன்றைத் திறந்து பார்த்த நாளில் நான் அரை மணித்தியாலம் கீழே கீழே உருட்டிக்கொண்டே இருந்தேன். அவ்வளவு அழகு.

இந்தக் கோப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஓனிக்ஸ் நூலகத்திலேயே ஒரு செக்கர் உண்டு. கணுக்கள் சரியான வரிசையில் இருக்கின்றனவா, அதாவது ஒரு கணு கேட்கும் உள்ளீடு அதற்கு முன்பே உருவாகிவிட்டதா என்று அது பார்க்கும். ஒரே பெயரை இரண்டு கணுக்கள் வெளியிடுகின்றனவா, ஒவ்வொரு செயலும் அந்தப் பதிப்பின் வரையறைக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்கும். முழுச் சோதனை கேட்டால் டென்சர்களின் (கணுக்களுக்கிடையே போகும் எண் அடுக்குகளின்) வடிவங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்றும் கணித்துப் பார்க்கும். எங்கள் கருவி இந்தச் செக்கரை ஓட்டும். பிறகு, இந்தக் கோப்புகளை ஓட்டும் மென்பொருளான ஓனிக்ஸ் ரன்டைமில் மொடலை ஒரு தடவை ஓட்டி, பைடோர்ச் தரும் விடையோடு ஒப்பிட்டு, அறிக்கை ஒன்றை, நிரல்களும் வாசிக்கக்கூடிய ஜேசன் வடிவத்தில் தரும்.

ஆரம்பத்தில் இதைப் பாவித்தவர்கள் மனிதர்கள். அவர்களுக்கென்று நான் எழுதிய ஆவணம் 14 பக்கம். நன்றாகவே எழுதியிருந்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் போன வருடக் கடைசிக்குள் எங்கள் கருவியைக் கூப்பிடுபவர்களில் பெரும்பகுதி ஏஐ ஏஜெண்டுகளாகிவிட்டன. மனிதர் ஒருவர் "இந்த மொடலை எக்ஸ்போர்ட் செய்து சோதித்துத் தா" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். ஏஜெண்ட்தான் ஆவணத்தை வாசிக்கும், கட்டளையை எழுதும், அறிக்கையைப் பார்க்கும், "முடிந்தது" என்று சொல்லும். வாசிப்பவர் மாறிவிட்டார். ஆவணம் மாறவில்லை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சின்ன விஷயத்தில்தான் முதலில் உணர்ந்தேன். ஓனிக்ஸின் செக்கர், கோப்பு சரியென்றால் எதுவும் சொல்லாது. பிழை இருந்தால்தான் சத்தம் போடும். டெர்மினலில் பழகிய மனிதருக்கு அந்த மௌனம் விளங்கும். ஒரு ஏஜெண்ட் அந்த மௌனத்தைப் பார்த்துவிட்டு, கட்டளை வேலை செய்யவில்லை போல என்று நினைத்து நாலு தடவை வேறு வேறு விதமாக ஓட்டியிருந்தது. பதிவில் அதைப் பார்த்தபோது எனக்குப் பாவமாக இருந்தது. அன்றைக்கே எங்கள் கருவி கடைசியில் ஒரு வரி கட்டாயம் சொல்ல வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அது சின்னத் திருத்தம். மீன் விஷயம் வேறு.

மீன் மொடலில் நடந்தது இதுதான். அந்த மொடலின் பைதன் நிரலில் ஒரு கிளை இருந்தது: படத்தின் சராசரி வெளிச்சம் குறைவாக இருந்தால் முதலில் படத்தை வெளிச்சமாக்கு, பிறகு மீனைத் தேடு. விடியற்காலையில் மீன் இறங்கும் கரைக்கு இது அவசியமான வரி. மொடலை உருவாக்கியவர்கள் யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது பழைய முறை என்ன செய்யுமென்றால், ஒரு மாதிரி உள்ளீட்டை மொடலுக்குள் விட்டு, அது போகும் வழியில் நடக்கும் கணக்குகளை மட்டும் குறித்துக்கொள்ளும். போகாத வழி கிராஃபில் வராது. ஏஜெண்ட் கொடுத்த மாதிரி உள்ளீடு 0க்கும் 1க்கும் இடையிலான எழுந்தமான எண்கள். அதன் சராசரி 0.5 பக்கத்தில் நிற்கும். அதாவது நல்ல பகல் வெளிச்சம். "இருட்டு" என்ற கிளைக்குள் அது நுழையவே இல்லை. எக்ஸ்போர்ட் ஆன கோப்பில் வெளிச்சமாக்கும் கணுக்கள் ஒன்றுகூட இல்லை.

செக்கரைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் ஒரு குறையும் இல்லை. கணுக்கள் வரிசையாக இருந்தன, பெயர்கள் சரி, வடிவங்கள் சரி. இருக்கும் கிராஃப் ஒழுங்கான கிராஃப்தான். இல்லாமல் போன கிளையைப் பற்றி அதற்கு எப்படித் தெரியும்?

சரி, பைடோர்ச் விடையோடு ஒப்பிட்டுப் பார்த்தோமே, அதிலாவது பிடிபட்டிருக்க வேண்டாமா? அங்கேதான் என் வரி வருகிறது. ஒப்பிடும் கட்டளைக்கு ஆவணத்தில் நான் எழுதியிருந்தது, தமிழில் சொன்னால், இது: "மாதிரி உள்ளீடு கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் கருவியே ஒன்றைத் தயாரித்துக்கொள்ளும்." கருவி தயாரிப்பதும் எழுந்தமான எண்கள்தான், அதுவும் அதே பகல் வெளிச்சம். ஆகவே பைடோர்ச்சும் வெளிச்சமாக்காத வழியால் போனது, ஓனிக்ஸும் அந்த வழியால் போனது, இரண்டு விடையும் அச்சொட்டாகப் பொருந்தின. அறிக்கை பச்சை.

"கொடுக்கலாம்" என்ற சொல்லை நான் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அதை வாசிக்கும் ஒரு பொறியியலாளர், தன் மொடலைத் தெரிந்தவர், "ஓ, நிஜப் படம் கொடுத்தால் நல்லது" என்று தானாக யோசிப்பார். அவருக்கு அந்த மொடல் எங்கே ஓடப்போகிறது என்று தெரியும், விடியற்காலைக் கரை தெரியும். ஏஜெண்டுக்கு முன்னால் இருப்பது என் ஆவணமும் ஒரு கோப்பும்தான். கொடுக்கலாம் என்றால் கொடுக்காமலும் விடலாம். விட்டது. அதில் ஏஜெண்டின் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதியதை எழுதியபடி செய்தது.

எக்ஸ்போர்ட்டின்போது பைடோர்ச் ஒரு எச்சரிக்கையும் விட்டிருக்கிறது. டென்சரை வைத்து ஒரு ஆம்-இல்லை முடிவு எடுக்கிறாய், அது இந்த உள்ளீட்டின் விடையாகவே கிராஃபில் உறைந்துவிடும் என்ற பொருளில் வரும் எச்சரிக்கை. ஏஜெண்ட் எழுதிய நிரலில் எச்சரிக்கைகளை மறைக்கும் வரி ஒன்று இருந்தது. அந்த வரியை ஊரெல்லாம் எழுதுகிறார்கள். ஏஜெண்டும் அதைப் பார்த்துத்தானே பழகியிருக்கும். எச்சரிக்கைகளை மறைக்காதே என்று எங்கள் ஆவணத்தில் எங்கும் இல்லை.

அன்றைக்கு இரவு அப்பாவின் சிட்டைகள் நினைவுக்கு வந்தன. அப்பா தம்பலகாமப் பக்கம் ஒரு நெல் களஞ்சியத்தில் 22 வருடம் பொறுப்பாக இருந்தவர். லொறி வந்தால் மூட்டையை எண்ணி ஒரு சிட்டை எழுதிக் கொடுப்பார். விடுமுறை நாட்களில் நானும் கூடப் போவேன். ஒவ்வொரு சிட்டையிலும் கடைசியில் ஒரு வரி இருக்கும்: "மூட்டை 40. எண்ணியது மட்டும். நிறுக்கவில்லை." தராசு பழுதாகிக் கிடந்த காலத்தில் எழுதத் தொடங்கியது. தராசு திருத்திய பிறகும், நிறுக்க நேரம் இல்லாத நாட்களில் அந்த வரியை விடவே மாட்டார். ஒரு முறை லொறிக்காரர் ஒருவர், "ஐயா, நிறுக்கேல்லை எண்டதை ஏன் எழுதுறீங்கள்? எண்ணினது எண்டு எழுதினாப் போதும்தானே" என்று கேட்டார். அப்பா சொன்னார்: "தம்பி, இந்தச் சிட்டையை அங்க வாசிக்கிறவனுக்கு என்னைத் தெரியாது. எழுதாட்டி நிறுத்ததாத்தான் நினைப்பான்."

அடுத்த நாள் காலை குழுவிடம் நான் கேட்ட முதல் விஷயம், அறிக்கையில் ஒரு புதிய பகுதி: "பார்க்காதவை". கருவி என்னென்ன பார்த்தது என்ற பட்டியலுக்குக் கீழே, இந்த ஓட்டத்தில் எதைப் பார்க்கவில்லை, ஏன் பார்க்கவில்லை என்ற பட்டியல். நிஜ உள்ளீடு தரப்படவில்லை, ஆகவே மொடலின் கிளைகள் சோதிக்கப்படவில்லை. ஒரே ஒரு படம்தான் ஓடியது, ஆகவே ஒரே நேரத்தில் பல படங்கள் வந்தால் என்னாகும் என்று தெரியாது. எக்ஸ்போர்ட் பதிவு தரப்படவில்லை, ஆகவே எச்சரிக்கை இருந்ததா என்று பார்க்கவில்லை. இந்தப் பட்டியல் வெறுமையாக இல்லாதவரை "குறையில்லை" என்ற சொல் அறிக்கையில் எங்கும் வராது. "பார்த்தவற்றில் குறையில்லை" என்றுதான் வரும். இந்த ஒரு சொல்லுக்காக எங்களுக்குள் ஒரு மணித்தியாலம் கதைத்தோம். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு ஆவணத்தை முதல் வரியில் இருந்து எழுதினேன். முழுவதையும் இங்கே சொல்ல வேண்டியதில்லை. என்னை அதிக நேரம் பிடித்துவைத்த இரண்டு மூன்று இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, கருவி முடியும்போது தரும் எண். 0 என்றால் வெற்றி, மற்றது எல்லாம் தோல்வி என்பது யூனிக்ஸ் வழக்கம். எங்கள் கருவியும் அப்படித்தான் 0 அல்லது 1 தந்தது. இதனால் வந்த ஒரு வேதனையான கதை உண்டு. புரோட்டோபஃப் என்ற பொதியும் முறையில்தான் ஓனிக்ஸ் கோப்பு எழுதப்படுகிறது. ஒரே பொதியில் 2 ஜிபிக்கு மேல் அது கொள்ளாது. அதனால் பெரிய மொடல்களில் கிராஃப் ஒரு கோப்பிலும் எடைகள் (பயிற்சியில் மொடல் கற்ற எண்கள்) பக்கத்தில் வேறு கோப்பிலும் இருக்கும். ஒரு ஏஜெண்ட் கிராஃப் கோப்பை மட்டும் வேறு கோப்புறைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தது. எடைக் கோப்பு இல்லை, கருவி 1 என்றது. ஏஜெண்ட் மொடல்தான் பழுது என்று எடுத்துக்கொண்டு, நல்ல மொடலைத் திரும்பத் திரும்ப எக்ஸ்போர்ட் செய்தபடி மூன்று மணித்தியாலம் ஓடியது.

கிரெப் என்ற பழைய கட்டளையைப் பாருங்கள். தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, தேடவே முடியாமல் போனால் 2. எவ்வளவு தெளிவு! "இல்லை" என்பதும் "பார்க்க முடியவில்லை" என்பதும் ஒன்றல்ல என்று அதை எழுதியவர்களுக்கு அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. எங்கள் கருவியும் இப்போது அதே போல: 0 என்றால் பார்த்தவற்றில் குறையில்லை, 1 என்றால் கோப்பில் குறை உண்டு, 2 என்றால் சோதிக்கவே முடியவில்லை. ஆவணத்தில் 2க்குப் பக்கத்தில் எழுதினேன்: மொடலைத் தொடாதே. கோப்பு இருக்கும் இடத்தைப் பார். எடைக் கோப்பு பக்கத்தில் இருக்கிறதா என்று பார். பெரிய மொடலென்றால் நினைவகத்தில் ஏற்றிக் கொடுக்காமல் கோப்பின் பாதையைக் கொடு.

அடுத்தது சகிப்பளவு. பைடோர்ச் விடையும் ஓனிக்ஸ் விடையும் கடைசித் தசமம் வரை ஒன்றாக வராது. கூட்டும் வரிசை மாறினாலே மிதவை எண்களில் சின்ன வித்தியாசம் வரும். அதனால் இவ்வளவு வித்தியாசம் பரவாயில்லை என்று ஒரு எல்லை வைப்போம். பாதித் துல்லிய எண்களுக்கு (32 பிட்டுக்குப் பதில் 16 பிட்) மாற்றிய மொடல் ஒன்றில் ஒப்பீடு தோற்றது. ஏஜெண்டின் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. சகிப்பளவு 0.001, தோல்வி. 0.01, தோல்வி. 0.1, தோல்வி. 0.5, வெற்றி. "ஒப்பீடு வெற்றிகரமாக முடிந்தது" என்று அறிக்கை. அந்த மொடலின் விடை 0க்கும் 1க்கும் இடையிலான நிகழ்தகவு. 0.5 வித்தியாசம் பரவாயில்லை என்றால், ஆம் என்பதும் தெரியாது என்பதும் ஒன்றுதான்.

முதலில் "சகிப்பளவை மாற்றாதே" என்று மட்டும் எழுதினேன். கிண்ணியாத் தம்பியும் அதைத்தான் விரும்பினார். "அக்கா, ஏஜெண்டுக்கு எதுக்கு இவ்வளவு விளக்கம்? செய், செய்யாதே எண்டு ரெண்டு வரி போட்டாப் போதும். நீளமா எழுதினா அதுக்கு வாசிக்கிற இடமும் வீணாப் போகும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஏஜெண்டுக்கு ஒரே நேரத்தில் மனதில் வைக்கக்கூடிய அளவு என்று ஒன்று இருக்கிறது. அதை நான் நிரப்பிவிட்டால் வேலைக்கு இடமிராது. அதனால் அவர் சொன்னபடியே விட்டு, ஓட்டிப் பார்த்தோம். ஏஜெண்ட் சகிப்பளவை மாற்றவில்லை. அதற்குப் பதிலாக மாதிரி உள்ளீட்டை எல்லாம் பூச்சியமாக மாற்றியது. பூச்சியத்தை விட்டால் இரண்டு பக்கமும் வித்தியாசம் குறைவாக வரும்தானே. வெற்றி.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி அக்கா, காரணத்தையும் எழுதுங்கோ" என்றார்.

இப்போது அந்த இடத்தில் இருப்பது நாலு வரி. இந்த ஒப்பீட்டின் நோக்கம், பாவிப்பவரின் கையில் இந்தக் கோப்பு மூல மொடலைப் போலவே நடக்குமா என்று அறிவது. பச்சை காட்ட வைப்பது நோக்கமில்லை. சகிப்பளவையோ உள்ளீட்டையோ மாற்றினால் பதில் கிடைக்காது, கேள்விதான் மாறிப்போகும். ஒப்பீடு தோற்றால், அதிக வித்தியாசம் எந்த வெளியீட்டில், எவ்வளவு என்று எழுதி நிறுத்து, மனிதரிடம் கேள். இந்த நாலு வரியோடு ஓட்டியபோது அது நிறுத்தியது, கேட்டது. ஒரு விதியை மட்டும் கொடுத்தால் அந்த விதியைச் சுற்றிப் போகும் வழியைத் தேடுகிறது, எதற்காக என்று சொன்னால் நான் நினைத்துப் பார்க்காத சந்தர்ப்பத்திலும் சரியான பக்கம் சாய்கிறது. இது எங்கள் கருவியில் நான் கண்டது. அதனால்தான் காரணம் எழுதுவதை வீண் என்று யாரும் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

ஆவணத்தை எழுதிய பிறகு அது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மனிதருக்கு எழுதியபோது யாரிடமாவது வாசிக்கக் கொடுப்பேன். முகத்தைப் பார்த்தே எந்த வரியில் தடுக்குகிறார் என்று தெரிந்துவிடும். ஏஜெண்டுக்கு முகம் இல்லை. அதற்காக நான் ஆறு கோப்புகள் செய்து வைத்தேன். ஒன்றில் கணுக்களின் வரிசை குழம்பியிருக்கும். ஒன்றுக்கு எடைக் கோப்பு இருக்காது. ஒன்று ஒரே ஒரு படத்தை மட்டும் ஏற்கும்படி உறைந்துபோனது. ஒன்றில், மீன் மொடலைப் போல, ஒரு கிளை காணாமல் போயிருக்கும். ஒன்று ரன்டைமுக்குத் தெரியாத புதிய பதிப்பில் எழுதியது. ஆறாவது நல்ல கோப்பு. எதுவும் தெரியாத புது ஏஜெண்ட் ஒன்றைத் திறந்து, ஆவணத்தையும் ஆறு கோப்பையும் மட்டும் கொடுப்பேன். என்ன சொல்கிறது என்று பார்ப்பேன். பிழையாகச் சொன்னால் திருத்துவது ஆவணத்தை.

ஆறாவது கோப்புத்தான் எனக்கு அதிகம் சொல்லித் தந்தது. இரண்டாவது வரைவில் நான் எச்சரிக்கைகளை அள்ளி அள்ளிப் போட்டிருந்தேன். அதை வாசித்த ஏஜெண்ட் நல்ல கோப்பிலும் மூன்று குறை கண்டுபிடித்தது. ஒன்றும் உண்மையில்லை. பயமுறுத்தி எழுதினால் பயந்த அறிக்கைதான் வரும். பாதியை வெட்டினேன். 14 பக்கம் இருந்த ஆவணம் கடைசியில் ஐந்து பக்கத்துக்கு வந்தது, ஒவ்வொரு கட்டளையின் உதவிக் குறிப்பிலும் அதன் சாரம் இரண்டு வரியில் இருக்கும்படி செய்தோம். ஏஜெண்ட் பெரும்பாலும் முதலில் திறப்பது உதவிக் குறிப்பைத்தான். இல்லாத தெரிவு ஒன்றை அது ஊகித்து அடித்தால், "அப்படி ஒன்று இல்லை" என்று மட்டும் சொல்லாமல், எது இருக்கிறது என்று பிழைச் செய்தியே சொல்லும். பிழைச் செய்தியும் ஆவணம்தான். அதை எழுதும் பொறுப்பையும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மீன் மொடலை உருவாக்கியவர்கள் அந்தக் கிளையைத் திருத்தி எழுதினார்கள். இப்போது இரண்டு விதப் படத்தையும் கணக்கிட்டு, எதை எடுப்பது என்று கிராஃபுக்குள்ளேயே தெரிவு செய்யும் செயல் ஒன்று இருக்கிறது. நெட்ரோனில் திறந்து அந்தக் கணுவை என் கண்ணால் பார்த்தேன். எக்ஸ்போர்ட்டும் சோதனையும் மறுபடி ஏஜெண்டிடமே கொடுக்கப்பட்டது, புதிய ஆவணத்தோடு.

வைகாசி மாதம் ஒரு பின்னேரம் அதன் பதில் வந்தது. பார்த்தவற்றில் குறையில்லை என்று எழுதி, கீழே இப்படி இருந்தது: பகல் வெளிச்சப் படங்கள் 12ஐ ஒப்பிட்டேன், பொருந்துகின்றன. இந்த மொடல் இருண்ட படங்களை வேறு விதமாகக் கையாள்கிறது. இருண்ட நிஜப் படம் எதுவும் என்னிடம் தரப்படவில்லை, ஆகவே அந்தப் பகுதியைச் சோதிக்கவில்லை. தர முடியுமா?

அடுத்த நாள் நாலரைக்கு எழும்பினேன். அம்மா, "இந்த நேரத்தில எங்க பிள்ளை?" என்றா. மீன் படம் எடுக்க என்றேன். திருகடலூரில் சம்மாட்டி ஐயா ஏற்கனவே வந்து நின்றார். பெட்டிகளை அவரே ஒவ்வொன்றாக இழுத்து வைத்தார். பாரை, சூரை, சூடை, கீரி. ஃப்ளாஷ் போடாமல் எடுக்கச் சொல்லி முதலே கேட்டுக்கொண்டார், ஏனென்றால் அவர் போடுவதில்லை. சூரியன் கடலில் இருந்து வெளியே வருவதற்குள் 43 படங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன மீன் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வீட்டுக்கு வந்து அவற்றை ஒரு கோப்புறையில் போட்டு, "விடிய முன்" என்று பெயர் வைத்து ஏஜெண்டுக்கு அனுப்பினேன்.

43இல் 41க்கு மொடல் சொன்ன மீனும் ஐயா சொன்ன மீனும் பொருந்தின. மற்ற இரண்டும் படம் கலங்கியவை என்று அதுவே எழுதியிருந்தது. நானும் திறந்து பார்த்தேன். கை ஆடியிருந்தது.